புகாரும் கொற்கையும்: கழிமுக நிலங்கள் குறித்து ஓர் ஆய்வு

நீலமலையில் உதகைக்கும் கேத்திக்கும் இடைப்பட்டது லவ்டேல். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் அங்குத் தங்குவோர் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். சரிவுகளைப் படிப்படியாக வெட்டி உருளைக்கிழங்கும் கேரட்டும் பயிரிட்ட நிலங்களினின்று மழைநீர் தெளிவாக இறங்குவதில்லை, செங்குழம்பாகவே இறங்குகின்றது. கேத்திப் பள்ளத்தாக்கில் விழும் நீர் குன்னூர்ப் பக்கமாகச் சென்று மேட்டுப்பாளையத்தை ஒட்டிப் பவானியை அடையும். உதகைப் பக்கம் சரியும் நீர் மோயாற்றின் வழியே சுற்றி வந்து அதே பவானியை அடையும். பவானி காவிரியிற் கலக்கும். ஆகவே லவ்டேல் புகைவண்டி நிலையத்தருகே யாம் கண்ட அச்செம்மண், தடையேதுமின்றிச் செல்லுமாயின், தஞ்சை வயலிலோ பூம்புகார்க் கடற்கரையிலோ சென்று படிதற்குரியது. தடை உண்டு என்பதனைப் பின்னர்க் காண்போம்.

இக்கட்டுரைக்கு வித்திட்டது மாணவர் ஒருவரின் வினா. முதுகலை வகுப்பில் மணிமேகலை நடத்துங்கால், இந்திரவிழா மறக்கப்பட்டமையாற் புகாரைக் கடல் கொண்ட செய்திக்கு விளக்கம் கூறப் புகுந்த யாம், 'பண்டைக் காலத்தே கடல்மட்டம் உயர்ந்தது. அதனாற் பட்டினம் மூழ்கியது' எனப் பல்லாண்டு கூறி வந்தோம். குறிப்பேடுகளிலும் அவ்வாறே எழுதுவித்தோம். ஓராண்டு ஒரு மாணவர் எழுந்து, 'கடல் உயர்ந்து புகாரை மூழ்குவித்ததாயின், அதே கடலின் கரையில் இருந்த கொற்கை இன்று உள்நாட்டில் இருப்பது எங்ஙனம்?' என வினவினார். அன்று எம்மிடம் விடை இல்லை. 'பிறிதொரு நாள் காண்போம்' என்று கூறி வகுப்பை முடித்தோம். அப்பிறிதொரு நாள் வருதற்கு ஆண்டுகள் சில சென்றன. நிலவியலார், கடலியலார் நூல்களைப் பயின்ற பின்னரே, எம் பழைய விளக்கம் பிழையென்பதும் மாணவர் வினாவே நேரிய வழியென்பதும் தெளிவாயின.

ஆறு கடலொடு கலக்குமிடத்து உண்டாகும் முக்கோண நிலத்தைக் கிரேக்கர் தம் நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தின் வடிவு நோக்கி 'டெல்டா' என்றனர். நைல் முகத்தைக் கண்டு இட்ட பெயர் அது. தமிழர் வடிவு நோக்கிப் பெயரிடவில்லை. நிகழ்ச்சி நோக்கிப் பெயரிட்டனர். ஆறு கடலிற் புகுமிடம் புகார். கடல்நீர் உள்வாங்கித் தேங்குமிடம் கழி. ஆறு இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடுமிடத்து நடுவே எஞ்சிய நிலம் அரங்கம். துருத்தி என்பதும் அது. திருவரங்கம், திருப்பூந்துருத்தி, இன்று குத்தாலம் எனப்படும் திருத்துருத்தி ஆகிய ஊர்ப்பெயர்கள் எல்லாம் காவிரி பிரிந்த இடங்களைச் சுட்டுவன. காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு என்னும் ஐந்தனையும் உட்கொண்டு ஐயாறு எனப் பெயர் பெற்றது ஓர் ஊர். இப்பெயர்களை முக்கொம்பிலிருந்து கிழக்கு நோக்கி வரிசைப்படுத்திப் பார்ப்பின், ஒரு பேராறு மலைநாட்டுச் சரிவை விட்டுச் சமநிலத்தில் இறங்கி, வேகம் இழந்து, சுமந்து வந்த வண்டலை இட்டு, இட்ட வண்டலே தடையாகப் பல கிளையாகப் பிரிந்த கதை முழுதும் அவற்றில் அடங்கியிருத்தல் காணலாம். ஊர்ப்பெயராய்வில் ஈடுபடும் மாணவர் இதனைத் தனியே எடுத்து ஆராய்தல் தகும்.

கழிமுக நிலம் ஒன்று வளர்வதும் தேய்வதும் மூன்றன் கணக்கைப் பொறுத்தவை: கடலின் மட்டம், நிலத்தின் ஏற்றத்தாழ்வு, ஆறு கொணரும் வண்டலின் அளவு. மூன்றும் சேர்ந்தே கணக்கு முடியும். கடல் உயரினும் வண்டல் மிகுதியாக வருமாயின் நிலம் கடலுள் முன்னேறும். கடல் அசையாது நிற்பினும், நிலம் அமிழ்ந்து வண்டலும் குறையுமாயின் கரை பின்வாங்கும். அலையும் ஏற்றவற்றமும் அவ்வண்டலை எப்படி வாரிப் பரப்பும் என்பது நான்காவது. நாகைக் கடற்கரையில் ஏற்றவற்றத்தின் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே காவிரி முகத்தை வடிவமைப்பது பெரிதும் அலையே. கங்கை முகத்துச் சுந்தரவனம் போன்ற விரிந்த கழிக்காடு இங்கு அமையாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இனிக் கடல்மட்டம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன், பனியூழியின் உச்சத்தில், உலகக் கடல்களின் மட்டம் இன்றையதினும் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை அன்று நிலம். இலங்கைக்குக் காலால் நடந்து செல்லலாம். பனி உருகக் கடல் விரைந்து உயர்ந்தது. அவ்விரைவு குறைந்த பின்னரே கழிமுக நிலங்கள் நிலைகொள்ளத் தொடங்கின. உலகின் பல கழிமுகங்களை ஒப்பிட்ட இசுட்டான்லி, வார்ன் என்னும் இருவர் 1994-இல், அவை பெரும்பாலும் இன்றைக்கு 8,500 முதல் 6,500 ஆண்டுகட்கு முற்பட்ட கால எல்லைக்குள்ளேயே தோன்றின எனக் காட்டினர். அதன்பின் கடல்மட்டத்தின் மாற்றம் சிறிது. கடந்த 2,000 ஆண்டில், அஃதாவது சங்க காலந்தொட்டு இன்றுவரை, ஒரு நகரை மூழ்குவிக்கத் தக்க அளவில் உலகக் கடல்மட்டம் உயர்ந்தது என்பதற்குச் சான்று இல்லை. எம் பழைய விளக்கம் இவ்விடத்தே முறிகின்றது.

ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். பூம்புகாருக்கு நேரே கடலுள் சுமார் 23 மீட்டர் ஆழத்தில், குதிரைக் குளம்பு போல் வளைந்த ஒரு மேட்டைத் தேசியக் கடலியல் நிறுவனத்தார் 1990-களில் ஆழ்கடல் அகழாய்வில் கண்டனர். அதனை மனிதர் கட்டிய கட்டடமெனக் கொண்டு, அத்துணை ஆழம் நிலமாக இருந்த காலம் 9,000 அல்லது 10,000 ஆண்டுகட்கு முன் எனக் கணக்கிட்டு, புகார் உலகின் முதல் நகரம் என எழுதுவாரும் உளர். மாணவர் கட்டுரைகளிலும் இது புகுந்துவிட்டது. அவ்வமைப்பு மனிதர் செய்ததென இன்னும் நிறுவப்படவில்லை. செய்ததாகவே கொள்ளினும், பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் பாடிய, யவனர் வந்து தங்கிய, குதிரையும் மிளகும் இறங்கிய பட்டினத்துக்கும் அதற்கும் இடையே ஏழாயிரம் ஆண்டு இடைவெளி உண்டு. தமிழின் பழமைக்கு இத்தகைய துணை வேண்டுவதில்லை. பிழையான துணை உள்ள சான்றையும் ஐயத்துக்கு ஆளாக்கும்.

உள்ள சான்று யாது? இந்தியத் தொல்லியல் துறையார் 1960-களில் நிகழ்த்திய அகழாய்வில், கீழையூரில் செங்கற் படகுத்துறை ஒன்று மரக்கம்பங்களொடு வெளிப்பட்டது. கரிக்கணக்கால் அது கி.மு. 3-ஆம் நூற்றாண்டை ஒட்டியதெனப்பட்டது. வானகிரியில் நீர்த்தேக்கமும் மேலையூரில் புத்த விகாரமும் கிடைத்தன. இவையெல்லாம் கிடைத்தது கடலுள் அன்று, நிலத்தில். படகு கட்டும் துறை இன்று வயலின் அடியில் இருக்கின்றது. மற்றொரு பக்கம், அலை புரளும் கரையோரத்தும் அதற்கப்பால் ஆழமில்லாக் கடலுள்ளும் செங்கற் சுவர்களும் பானையோடுகளும் கண்டெடுக்கப்பட்டன. ஆக, புகார் ஒரு முறையில் அழியவில்லை. இரு முறையில் அழிந்தது. உட்பக்கத்தில் ஆற்றுக்கால் தூர்ந்து துறை மண்மூடியது. வெளிப்பக்கத்தில் கரை அரிக்கப்பட்டுக் கடலுட் போயிற்று.

சிலப்பதிகாரம் புகாரை இரு பாக்கமாகப் பகுத்தல் யாவரும் அறிந்தது. கடலை அடுத்தது மருவூர்ப்பாக்கம். உள்ளே இருப்பது பட்டினப்பாக்கம். இரண்டற்கும் இடையே நாளங்காடி. இன்று எஞ்சியிருப்பனவற்றை இவ்வமைப்பின்மேல் வைத்துப் பார்ப்பின், மருவூர்ப்பாக்கமே மறைந்தது எனவும் பட்டினப்பாக்கத்தின் பகுதிகள் சாயாவனம், பல்லவனீச்சரம் முதலிய ஊர்களாக எஞ்சின எனவும் கொள்ள இடமுண்டு. இக்கருத்துப் புதிதன்று, ஆயினும் இதற்கு வலிமை தருவது தேவாரம். ஞானசம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டில் காவிரிப்பூம்பட்டினத்துப் பல்லவனீச்சரத்தைப் பாடியிருக்கின்றார். பாடுதற்கு ஊரும் கோயிலும் இருந்தன. ஓர் இரவில் முழுப்பட்டினமும் கடலுட் புகுந்தது எனக் கொள்வார் இதற்கு விடை கூறல் வேண்டும்.

பேரலை வந்திருக்கலாகாதோ எனின், வந்திருக்கலாம். 2004 திசம்பர் 26-இல் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்தை எட்டிய உயிர்களைக் கொண்ட அலையை நம் தலைமுறை கண்டது. அத்தகைய ஒன்றின் நினைவே மணிமேகலைச் செய்தியின் கருவாக இருத்தல் கூடும். ஆயின் அவ்வலை வந்த நீர் அன்றே திரும்பிற்று. நாகையும் வேளாங்கண்ணியும் தரங்கம்பாடியும் தம் இடத்தே இருக்கின்றன. பேரலை ஊரை அழிக்கும். நிலத்தைக் கடலாக்கி நிறுத்துவது அதன் இயல்பன்று. அதற்கு நிலம் தாழ்தலோ வண்டல் நிற்றலோ வேண்டும்.

இவ்விடத்தே கொற்கை வந்து சான்று கூறுகின்றது. முத்துக்குப் பெயர் பெற்ற அத்துறை இன்று கடலினின்று பல கிலோமீட்டர் உள்ளே, தாமிரபரணிக் கழிமுகத்தில், வயலும் குளமும் சூழ்ந்த சிற்றூர். தமிழகத் தொல்லியல் துறையார் 1968–69-இல் அங்கு அகழ்ந்தனர். கொற்கை ஏன் உள்ளடங்கிற்று என்பதற்குக் கால்டுவெல் பாதிரியார் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் விடை கூறியிருக்கின்றார்: ஆறு வண்டலைக் கொட்டிக் கடலைத் தள்ளியது, துறையை இழந்த வணிகர் கடலோரத்துக் காயலுக்குப் பெயர்ந்தனர், பின்னர்க் காயலும் அவ்வாறே உள்ளடங்கிற்று. மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டு எழுதிய துறைமுகம் அக்காயலே. கொற்கையும் புகாரும் ஒரே காலத்தன. ஒரே கடற்கரையின் இரு பேரூர்கள். கடல்மட்டம் இரண்டற்கும் பொது. அதுவே காரணமாயின் இரண்டும் மூழ்கியிருத்தல் வேண்டும். அன்றேல் இரண்டும் உள்ளடங்கியிருத்தல் வேண்டும். ஒன்றைக் கடல் கொண்டது, ஒன்றைக் கடல் விட்டது. ஆகவே வேறுபாட்டுக்குக் காரணம் கடலினிடத்து அன்று. அவ்வவ் விடத்து நிலத்திடத்தும் ஆற்றிடத்துமே தேடற்பாலது. மாணவர் வினாவிற்கு யாம் அன்று கூறியிருக்கவேண்டிய விடை இது.

காவிரிக் கழிமுகத்துள்ளும் இவ்வேறுபாடு உண்டு. தென்மூலையில் வேதாரணியப் பகுதியில், பழைய கடற்கரைகள் மணல்மேடுகளாக ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. உள்நாட்டு மேடுகள் ஏறத்தாழ 6,000 ஆண்டுப் பழமையுடையன. கடல் நோக்கிச் செல்லச் செல்ல அவற்றின் இளமை மிகும். அங்கு நிலம் வளர்ந்திருக்கின்றது. கோடிக்குழகரைப் பாடிய சுந்தரர், வீடும் துணையும் இன்றிக் கடற்கரையில் இறைவன் தனித்திருத்தலைக் கண்டு இரங்குகின்றார். அவரை 8-ஆம் நூற்றாண்டினரெனக் கொள்ளின், கோடிக்கரை அன்றே நிலமாக இருந்தது என்பதும், குடியேற்றம் பெருகாத புது நிலமாக இருந்தது என்பதும் பெறப்படும். நிலவியலார் மண்ணில் தேடும் காலக்குறிப்பைப் பதிகம் ஒன்று தருதல் நோக்கத்தக்கது. வடக்கே தரங்கம்பாடியிலோ நிலை வேறு. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதிகளைக் கடல் கொண்டது. எழுநூறாண்டில் இத்துணை. மன்னன் விழாவை மறந்ததாக எந்நூலும் கூறாத இடத்தும் கடல் தன் வேலையைச் செய்திருக்கின்றது.

நிலத்தின் இயல்பு குறித்துச் சுருங்கக் கூறுவோம். அது நிலவியலார்க்கு உரியது. கோண்டுவானப் பெருங்கண்டம் பிளவுற்றபோது, இன்றைக்குப் பதினான்கு கோடி ஆண்டளவில், கிழக்குக் கரையோரம் பிளந்து தாழ்ந்த பள்ளங்களின் தொகுதியே காவிரிப் படுகை. மேற்கே நீலமலை, மோயாறும் பவானியும் ஓடும் இரு பெரும்பிளவுகட்கு இடையே சார்னோகைட்டுப் பாறையாலான திட்டாக உயர்ந்து நிற்கின்றது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஒருபுறம் உயர்வும் ஒருபுறம் தாழ்வும் இருந்தமையாலேயே வண்டல் அங்கிருந்து இங்கு வந்தது. அரியலூர்ப் பக்கத்துக் கடற்சிப்பிப் படிவங்கள், கடல் ஒரு காலத்தில் அதுவரை உட்புகுந்திருந்ததைக் காட்டுவன. தஞ்சை மண்ணின் கீழே இப்பள்ளங்களும் இடையிடையே மேடுகளும் உண்டு. நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது அவற்றாலேயே. இளங் களிமண் தன் சுமையாலேயே இறுகித் தாழும் என்பதும், நிலத்தடிநீரை வரம்பின்றி எடுப்பின் அத்தாழ்வு விரையும் என்பதும் உலகக் கழிமுகங்கள் பலவற்றிற் கண்டவை.

வண்டலின் வரலாறே மனிதர் வரலாற்றோடு பிணைந்தது. கரிகாலன் காவிரிக்குக் கரை கட்டினான் என்னும் செய்தி புண்ணியகுமாரனின் மாலேபாட்டுச் செப்பேட்டிலும் திருவாலங்காட்டுச் செப்பேட்டிலும் வருகின்றது. இவை பிற்காலத்தன என்பதை மறத்தல் ஆகாது. பட்டினப்பாலை அவன் காடழித்ததையும் குளம் அமைத்ததையும் கூறுமேயன்றிக் கல்லணையைக் கூறவில்லை. கட்டியவன் யாவனாயினும், கரை கட்டியதன் விளைவு ஒன்று. கரையில்லா ஆறு வெள்ளந்தோறும் பரந்து வண்டலை நிலமெங்கும் இடும். கரையிட்ட ஆறு அதனைத் தன் படுகையிலேயே இடும், படுகை உயரும், கரையை மேலும் உயர்த்த நேரும். காவிரிக்கு இதுவே நேர்ந்தது. முக்கொம்பிற் பிரியும் கொள்ளிடமோ நேராகவும் சரிவு மிக்கதாகவும் ஓடிக் கடலை விரைவில் அடைவது. உயர்ந்த படுகையை விட்டுத் தாழ்ந்த படுகையை நாடுதல் நீரின் இயல்பு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் நீரிற் பெரும்பகுதி கொள்ளிடத்தில் இறங்கலாயிற்று; காவிரி தூர்ந்து தஞ்சை வயல்கள் வாடின. வெள்ளம் கொள்ளும் இடம் என்று பொருள்படப் பெயர் பெற்றது, காவிரியையே கொள்ளத் தொடங்கிற்று.

1804-இல் கால்டுவெல் என்னும் படைத்துறைப் பொறியாளர் (பாதிரியார் அல்லர், மாணவர் இருவரையும் மயங்குதல் உண்டு) கல்லணையை அளந்து, அதனை உயர்த்தப் பரிந்துரைத்தார். ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் எடுக்கத் தொடங்கினார். ஆழங்காணா மணலில் அடித்தளம் இடும் வகையைக் கல்லணை கட்டிய பழந்தமிழரிடமே கற்றதாக அவர் எழுதியிருக்கின்றார். மேலணை தன் வேலையை மிகையாகவே செய்தது. இப்போது காவிரியிற் புகும் நீர் மிகுந்து கரைகளை அரிக்கவே, சில ஆண்டில் காவிரி வாய்க்குக் குறுக்கேயும் தளவரிசை இட நேர்ந்தது. அமெரிக்க நாட்டில் மிசிசிப்பி ஆறு தன் பழைய வழியை விட்டு அச்சாபலாயா என்னும் கிளைக்கு மாறத் தலைப்பட்டபோது, அதனைத் தடுத்து நீரில் நூற்றுக்கு 30 பங்கு மட்டுமே அவ்வழிச் செல்லுமாறு நிறுத்திய கட்டடம் 1963-இல் முடிந்தது. முக்கொம்பில் அதே போராட்டம் அதற்கு 125 ஆண்டுகள் முன்பே நடந்தது. ஆறு இன்னும் தன் கருத்தை விட்டதாகத் தெரியவில்லை. 2018 ஆகத்து 22-இல் மேலணையின் ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துச் சென்றது. பின்னர்ப் புதிய கதவணை எழுந்தது.

இங்ஙனம் பெருநீர் கொள்ளிடத்து வழியே சென்று பழையாற்றருகே கடலை அடையும். அதன் வண்டலும் அங்கே. புகாரில் கடலைச் சேரும் காவிரியோ கோடையில் கணுக்கால் நனையாத ஓடை. கிளை ஒன்று நீரை இழக்குமாயின் அதன் முகத்து நிலத்துக்கு வரும் வண்டலும் நிற்கும்; நிலம் இறுகித் தாழ்ந்துகொண்டே இருக்கும்; அலை அரித்துக்கொண்டே இருக்கும். மருவூர்ப்பாக்கம் கடலுட் சென்றதற்கும் கீழையூர்த் துறை தூர்ந்ததற்கும் இவ்வொரு காரணமே போதும் என்பது எம் துணிபு. ஆற்றின் கை தளர்ந்தபோது கடல் கொண்டது. கடல் எழுந்து வந்து கொள்ளவில்லை. இம்மாற்றம் எந்நூற்றாண்டில் தொடங்கிற்று என்பதை, கீழையூர்த் துறையை மூடிய மண்ணின் அடுக்குகளைக் காலம் கணித்தே கூறவியலும்.

இனி முதலிற் கூறிய தடை. 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. அதற்கு மேலே கிருட்டிணராச சாகரம். பவானியில் 1955-இல் பவானிசாகர். நீலமலையின் நீரை மின்னுக்குத் தேக்கும் குந்தா, பில்லூர் நீர்த்தேக்கங்களில் சேறு நிரம்புதல் மின்துறையார்க்கு ஓயாத் தொல்லை. 2009 நவம்பர் 10-ஆம் நாள் ஒரே நாளில் கேத்தியில் 820 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மலை பல இடங்களிற் சரிந்தது. நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று இறங்கிய மண்ணின் பெரும்பகுதி பூம்புகாரைப் பார்த்திராது. இவ்வணைகளின் அடியிலேயே கிடக்கும். மலையில் வேண்டாத மண் மிகுதியாக இறங்குகின்றது. கழிமுகத்தில் வேண்டிய மண் வருவதில்லை. 2009-இலேயே சிவிட்சுகி முதலியோர் உலகின் 33 கழிமுகங்களை ஆராய்ந்து, அவற்றில் நூற்றுக்கு 85 அதற்கு முந்திய பத்தாண்டுக்குள் கடும் வெள்ளத்துக்கு ஆளானதைக் காட்டி, அணைகள் வண்டலைத் தடுத்தலும் நிலத்தடியினின்று நீரும் எரிவாயுவும் எடுத்தலும் அவை தாழ்தற்குக் காரணம் என்றனர். அவ்வாய்வின்படி இவ்விரைவுக்கு முதற்காரணம் கடல் அன்று, மனிதர் செயலே. இப்பொழுது கடல்மட்டமும் உண்மையாகவே உயர்ந்து வருகின்றது. யாம் பண்டைக்கு ஏற்றிக் கூறிய காரணம் இன்றைக்கே பொருந்துவதாயிற்று.

வினவிய மாணவர் தேர்வு முடித்துச் சென்றுவிட்டார். குறிப்பேட்டில் அப்பகுதியை யாம் திருத்தி எழுதியிருக்கின்றோம்; 'கடல்மட்டம் உயர்ந்தமையால்' என்னும் தொடரை நீக்கி, 'ஆற்றுமுகம் மாறி வண்டல் குறைந்தமையாற் கரை அரிக்கப்பட்டு' எனச் சேர்த்தோம். பழைய குறிப்பைப் படியெடுத்து வைத்திருப்போர் பலர் இன்று கல்லூரிகளில் ஆசிரியராக உள்ளனர். அவர்களும் அத்தொடரை நீக்கிக்கொள்வாராக.